கூசுது எண்டுதான் சொன்னனான்

மன்னார்ப் பாலம் தொடங்குகிற இடத்தில் நடு வீதியில் நின்ற கழுதையை, வானில் இருந்த ஏழு ஆசிரியர்களும் கண்டுவிட்டார்கள். வானை ஓட்டிக்கொண்டிருந்த அன்ரோனெற் மட்டும் அதைக் காணவில்லை. தை மாதத்துச் சூரியன் அப்போதுதான் தண்ணீரை விட்டுக் கிளம்பியிருந்தது. பாலத்தின் இரண்டு பக்கமும் கடல், கடல் முழுக்க வெயில். அத்தனை வெயிலும் திரண்டு வந்து அவளுடைய மூக்குக்கண்ணாடியில் குந்திக்கொண்டது. வீதியும் இல்லை, பாலமும் இல்லை. வெள்ளைச் சீலை ஒன்றைக் கண்ணுக்கு முன்னால் யாரோ விரித்துப் பிடித்ததுபோல இருந்தது. பின்னாலிருந்து சித்தி மரியம் என்கிற டீச்சர், "அக்கா, கழுதை" என்று சொன்னது காதில் விழுந்ததும் கால் தானாகப் பிரேக்கில் ஏறி நின்றது. வான் உலுக்கி நின்றபோது கழுதைக்கும் வானுக்கும் இடையில் ஒரு முழம் இருந்திருந்தால் பெரிய விஷயம்.

கழுதை அசையவில்லை. மன்னார்க் கழுதைகள் லேசில் யாருக்கும் வழிவிடுகிறவை அல்ல; நின்று யோசித்து, மனம் வந்தால்தான் விலகும். முன் ஆசனத்தில் இருந்த நவரத்தினம் மாஸ்டரின் மடியில் மத்தியானச் சாப்பாடு கவிழ்ந்து, பருப்புக்கறி அவருடைய வெள்ளைச் சேட்டில் வழிந்துகொண்டிருந்தது. அவர் அதைக் கைக்குட்டையால் ஒற்றத் தொடங்கினார். ஏசியிருந்தால்கூட அன்ரோனெற்றுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்த நேரத்தில் அவள் ஒரு காரியம் செய்தாள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, அதற்கு மேலால் வெறுங்கண்ணோடு பார்த்தாள். கழுதை தெரிந்தது. விளிம்பெல்லாம் கரைந்து, காது எது தலை எது என்று பிரிக்க முடியாத கழுதைதான், ஆனாலும் கழுதை. கண்ணாடியை மேலே தள்ளினாள். கழுதை வெயிலுக்குள் போய்விட்டது. மறுபடி இறக்கினாள், மறுபடி வந்தது. மூன்றாம் தரமும் செய்து பார்த்தபோது கழுதைக்கே அலுத்துப்போய் அது விலகி நடந்தது. பிழை கண்ணில் இல்லை, கண்ணாடியில்தான் என்று அன்ரோனெற் அந்த இடத்திலேயே தீர்மானித்துவிட்டாள்.

அன்ரோனெற்றுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஊர் பேசாலை. சண்டை முடிந்த பிறகு கண்ணிவெடி அகற்றுகிற நிறுவனம் ஒன்று பெண்களையும் சாரதி வேலைக்கு எடுக்கிறது என்று கேள்விப்பட்டு, வலையில் மீன் கழற்றுகிற கை ஸ்டியறிங் பிடிக்குமோ என்று ஊர் சிரிக்கச் சிரிக்கப் போய்ச் சேர்ந்தவள். மண்டையோடு கீறிய சிவப்புப் பலகைகளுக்கு நடுவில், இரண்டு பக்கமும் கயிறு கட்டிய ஒற்றைப் பாதையில் ஐந்து வருடம் அம்புலன்ஸ் ஓட்டினாள். வண்டிச் சில்லு ஒன்று கயிற்றைத் தாண்டினால் கதை முடிந்தது. தாண்டவில்லை. நிறுவனம் மூட்டை கட்டிக்கொண்டு போனபின் இந்தப் பழைய ஹையேஸ் வானை வாங்கினாள். ஆறு மணிக்குப் பேசாலையில் புறப்பட்டு, எருக்கலம்பிட்டிச் சந்தியில் சித்தி மரியத்தையும் மன்னார் ரவுணில் மற்றவர்களையும் ஏற்றி, பாலம் கடந்து முருங்கனில் பள்ளிக்கூடத்தில் இறக்குவாள். பள்ளிக்கூடம் விட்டபின் திருப்பிக் கொண்டுவருவாள். நாலு வருடத்தில் வான் ஒருநாள்கூடப் பிந்தியதில்லை. அந்தச் சாரதி ஆசனத்தில் ஏறி இருந்துவிட்டால் அவள் யாருடைய மனைவியும் இல்லை, யாருடைய தாயும் இல்லை. அன்ரோனெற், அவ்வளவுதான். அந்த ஆசனத்தை அவளிடமிருந்து எடுக்க வருகிறவர் யாராக இருந்தாலும் சும்மா எடுத்துக்கொண்டு போக முடியாது.

எடுக்க வந்தவர் நவரத்தினம் மாஸ்டர். முருங்கனில் எல்லோரும் இறங்கியபின் சேட்டை ஈரக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு மெதுவாக ஆரம்பித்தார். அன்ரோனெற்றில் தங்கள் ஏழு பேருக்கும் முழு நம்பிக்கை இருக்கிறது என்றார், ஆனால் என்றார். அந்த 'ஆனால்' என்ற சொல்லை மாஸ்டரைப்போல மெத்தென்று சொல்ல மன்னார் மாவட்டத்தில் ஆள் இல்லை. போன கிழமையும் ஒரு சைக்கிள்காரன் மயிரிழையில் தப்பியதைத் தான் கவனித்ததாகவும், வயது போகப் போக எல்லோருக்கும் கண் விடுகிறதுதான் என்றும், டொக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி வந்தால் எல்லோருக்கும் நிம்மதி என்றும் சொன்னார். கடிதம் பிழையாக வந்தால் அம்புறோஸின் வானில் இடம் இருக்கிறதாம். அம்புறோஸும் பேசாலைக்காரன்தான். அதே வீதியில் ஐந்து நிமிடம் பின்னால் வருகிறவன். மாஸ்டர் அவனிடம் ஏற்கெனவே கேட்டுவிட்டார் என்பது அன்ரோனெற்றுக்கு அப்போதே விளங்கிவிட்டது.

அன்று பின்னேரம் கரையில் வலையிலிருந்து சூடை மீனைக் கழற்றிக்கொண்டிருந்தபோது புருசன் பஸ்ரியனிடம் விஷயத்தைச் சொன்னாள். பஸ்ரியன் நல்ல மனுசன். சண்டை பிடிக்கப் பஞ்சிப்பட்டுச் சோம்புகிற நல்ல மனுசன். வலையை விட்டுக் கண்ணை எடுக்காமலே, தன்னுடைய மருமகன் ஒருவன் லைசன்ஸும் எடுத்துவிட்டுச் சும்மாதான் திரிகிறான், கொஞ்ச நாளைக்கு அவனை ஓட விடலாமே என்றான். வானும் ஓடும், அவளுக்கும் ஓய்வாக இருக்கும் என்றான். செதில் தெறித்துக் கண்ணாடியில் ஒட்டியதைப் புறங்கையால் தள்ளிவிட்டு அவள் நிமிர்ந்தாள்.

"என்ரை கண் கெட்டா நானே இறங்குவன், ஒருத்தரும் சொல்லத் தேவையில்லை. கண்ணாடி கெட்டதுக்கு ஏன் என்னை இறக்கப் பாக்கிறியள்?"

பஸ்ரியன் கையிலிருந்த சூடையை ஓலைக் கடகத்துக்குள் போட்டுவிட்டு அடுத்த கண்ணியைப் பிரிக்கத் தொடங்கினான்.

அந்தக் கிழமை மன்னார் ரவுணில் ஒரு மண்டபத்தில் இலவசக் கண் முகாம் போட்டிருந்தார்கள். தெற்கிலிருந்து வந்த டொக்டருக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் நின்ற நேர்ஸ்தான் இரண்டு பக்கமும் மாற்றிச் சொன்னாள். வரிசை படி இறங்கி வளவு வாசல் வரை நின்றது. எழுத்துப் பலகையை வாசிக்கச் சொன்னார்கள். மண்டபத்து நிழலில் அன்ரோனெற் கடைசிக்கு முந்தின வரி வரை தட்டுத் தடங்கல் இல்லாமல் வாசித்தாள். நிழலில் கண்ணாடி ஒரு குறையும் வைக்கவில்லை. பிறகு என்ன வருத்தம் என்று நேர்ஸ் கேட்டாள். காலை வெயிலுக்கு நேரே ஓடும்போது கண் கூசுகிறது என்றாள் இவள். நேர்ஸ் டொக்டர் பக்கம் திரும்பி இரண்டே சொல்லில் சொல்லி முடித்தாள்: "பேன்னே நே." கண்ணிவெடி முகாமில் இருந்த காலத்தில் அவ்வளவு சிங்களம் அன்ரோனெற்றுக்கும் வந்திருந்தது. தெரியவில்லை என்று அர்த்தம்.

தான் அப்படிச் சொல்லவில்லை என்று நேர்ஸைத் தடுத்தாள். எல்லாம் ஒன்றுதானம்மா என்று நேர்ஸ் அடுத்த ஆளின் துண்டுச்சீட்டை வாங்கினாள். அவளிலும் பிழை சொல்ல முடியாது, காலையிலிருந்து இருநூறு பேரின் கண்ணை வாயால் சுமந்துகொண்டிருந்தவள். சரி, நேரே டொக்டருக்கே சொல்வோம் என்று அன்ரோனெற் தனக்குத் தெரிந்த சிங்களத்தையெல்லாம் கிளறிப் பார்த்தாள். பிரேக், சில்லு, பாதை, நில், குண்டு, தண்ணீர், சாப்பாடு எல்லாவற்றுக்கும் சொல் இருந்தது. கூசுகிறது என்பதற்கு மட்டும் இல்லை. கண்ணிவெடி முகாமில் யாருக்கும் கூசவில்லைபோலும். டொக்டர் அவளுடைய கண்ணுக்குள் லைட் அடித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார், எழுதினார், கொடுத்தார்.

அடுத்த நாள் காலை முருங்கனில் வானுக்குப் பக்கத்தில் நின்று மாஸ்டர் அந்த ஆங்கிலக் கடிதத்தை வாசித்து, எல்லோருக்கும் தமிழில் சொன்னார். இரண்டு கண்ணிலும் புரை ஆரம்பம். பார்வை தெரியவில்லை என்று முறையிடுகிறார். மேலும் பரிசோதிக்கும் வரை வாகனம் ஓட்டாமல் இருப்பது நல்லது. வாசித்து முடித்துக் கடிதத்தை மடித்த விதத்திலேயே தீர்ப்பு இருந்தது.

"நான் தெரியேல்லை எண்டு சொல்லேல்லை மாஸ்டர். கூசுது எண்டுதான் சொன்னனான்."

"ரெண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம், அன்ரோனெற்?"

"வித்தியாசம் இருக்கு. மேடையிலை ஏறிப் பேச உங்களுக்குக் கூசினா, உங்களுக்கு வாய் பேசாது எண்டோ அர்த்தம்?"

சித்தி மரியம் குனிந்து சிரிப்பை மறைத்தாள். மாஸ்டருக்கு மேடையில் ஏறினால் கை நடுங்கும் என்பது பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்த கதை. அவர் சிரிக்கவில்லை. அன்று பின்னேரம் ஏழு பேரும் அம்புறோஸின் வானில் திரும்பிப் போனார்கள். சித்தி மரியம் கடைசியாக ஏறும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அன்ரோனெற் வெறும் வானை ஓட்டிக்கொண்டு பாலம் கடந்தாள். பின்கண்ணாடியில் ஆளில்லாத இருக்கைகள் வரிசையாக அவளைப் பார்த்துக்கொண்டு வந்தன. அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நாலு வருடம் சுமந்தவளுக்கு ஒரு கடதாசியோடு சரி என்று நினைக்க நினைக்கக் காது சுட்டது.

வீட்டுக்குப் போகாமல் வானை நேரே கடைத்தெருவுக்கு விட்டாள். அங்கே வஸீரின் கண்ணாடிக் கடை ஒரு கதவு அகலத்துக்கு இருந்தது. வஸீர் எருக்கலம்பிட்டிக் குடும்பம். தொண்ணூறில் முஸ்லிம் சனம் முழுக்க வெளியேற்றப்பட்டு ஊரோடு போனபோது தாயின் கையில் குழந்தையாகப் போனவன். புத்தளத்தில் வளர்ந்து, அங்கேயே தொழில் பழகித் திரும்பி வந்தவன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்து, இதில்தான் பிழை, நீ பார்த்துச் சொல்லு என்றாள். கேள்விபோலச் சொல்லவில்லை.

வஸீர் முதலில் கண்ணாடியின் மூட்டைப் பார்க்கவுமில்லை, அதன் காலை நிமிர்த்தவுமில்லை. கண்ணாடியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், சாய்ந்த வெயிலுக்கு எதிரே ஒரு பக்கமாகச் சரித்துப் பிடித்தான். பிறகு அவளைக் கூப்பிட்டுக் காட்டினான். நேரே பார்த்தால் தெளிந்த வில்லை. சரித்துப் பார்த்தால் வில்லை முழுக்க மயிர் மயிராக வட்டக் கோடுகள், தேய்த்துத் தேய்த்துப் பழசான சட்டியின் அடிபோல. நடுவில் பூச்சு வெடித்து உரிந்திருந்தது. இந்தக் கண்ணாடிக்கு மேலே வெயில் தெறிக்காமல் இருக்க ஒரு பூச்சு இருந்திருக்கும், சரித்தால் பச்சையாக மினுங்கும், அது இப்போது பாதிக்குமேல் இல்லை என்றான். என்னத்தால் கழுவுகிறீர்கள் என்று கேட்டான். சவுக்காரம் என்றாள்.

"சவுக்காரம் இப்பிடிச் செய்யாது, அக்கா."

அவன் மேலே கேட்கவில்லை. கண்ணாடியைத் துணியில் வைத்துவிட்டுச் சும்மா நின்றான். அந்தச் சும்மா நிற்கிறதுதான் அவளைப் பேச வைத்தது.

இரண்டு வருடத்துக்கு முந்தி ஒருநாள் காலை, ரவுணில் ஏறியதும் மாஸ்டர் யன்னலைத் திறந்துவிட்டுச் சிரித்துக்கொண்டே கேட்டார், இண்டைக்கு என்ன கறி அன்ரோனெற் என்று. பகிடிதான். வானில் எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். ஆனால் அன்று முழுக்க அவள் தன்னுடைய கையை மணந்து மணந்து பார்த்தாள். பின்னேரம் கரையில் மீன் கழற்றுகிற கைதான் விடியப் பள்ளிக்கூடத்து ஆட்களுக்குக் கதவு திறந்துவிடுகிறது. மீன் வெடுக்கு சவுக்காரத்துக்கு மசியாது. பேசாலையில் பச்சைப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும், அதற்குத் தேசிக்காய் என்கிற எலுமிச்சங்காயும் அடுப்புச் சாம்பலும்தான் மருந்து. கையானாலும் கத்தியானாலும் சட்டியானாலும் அதுதான். அன்றிலிருந்து கையைத் தேய்த்தாள், நகத்தைத் தேய்த்தாள், மோதிரத்தைத் தேய்த்தாள். கண்ணாடியிலும் செதில் ஒட்டியிருக்கும், மூக்கில் குந்துகிற இடத்தில் வெடுக்குப் போய் ஒளித்திருக்கும் என்று அதையும் தேய்த்தாள். பாதித் தேசிக்காயைச் சாம்பலில் தோய்த்து, ஒவ்வொரு பின்னேரமும், இரண்டு வருடம். பஸ்ரியனுக்குக்கூடத் தெரியாது.

"தேசிக்காயும் சாம்பலும்," என்றாள்.

வஸீர் சிரித்திருந்தால் அவள் எழும்பிப் போயிருப்பாள். அவன் சிரிக்கவில்லை. தன்னுடைய உம்மாவும் புத்தளத்தில் அப்படித்தான் ஒன்றைக் கெடுத்தவ என்று மட்டும் சொன்னான். பிறகு தன்னுடைய தொழில் பாஷையில் விளக்கினான். வெயில் கண்ணுக்குள் நேரே போய் ஒரு புள்ளியில் விழ வேணும். ஒவ்வொரு கீறலும் அதில் கொஞ்சத்தை உடைத்துக் கண் முழுக்க வீசி எறிகிறது. அப்படி வீசுப்பட்ட வெளிச்சம், முன்னால் நிற்கிற கறுப்புப் பொருளின்மேல் படிந்து அதையும் வெள்ளையாக்கி விடுகிறது. நிழலில் வீசி எறிய வெளிச்சம் இல்லை, அதனால்தான் எழுத்துப் பலகை தெரிந்தது.

"உங்களுக்கு வெளிச்சம் காணாமத் தெரியாமப் போகல்ல, அக்கா. வெளிச்சம் கூடித்தான் தெரியாமப் போயிரிக்கி."

அன்ரோனெற்றுக்கு அந்த வசனம் நெஞ்சுக்குள் இறங்கியது. ஆனால் வஸீர் அதோடு விடவில்லை. டொக்டரின் கடிதத்தையும் வாங்கிப் பார்த்தான். இதுவும் பொய் இல்லை என்றான். கண்ணுக்குள்ளும் ஒரு வில்லை இருக்கிறது, அது ஒரு சொட்டுப் பால் விட்ட தண்ணீர்போலக் கலங்கத் தொடங்கியிருந்தால் அதுவும் வெயிலை வீசும். கண்ணாடியில் இருப்பதைத் தன்னால் எடுக்க முடியும், கண்ணில் இருப்பதை எடுக்க முடியாது. புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு இன்னொரு டொக்டரிடம் போங்கள், வெயிலுக்குக் கூசுகிறதா என்று பார்க்கிற சோதனையைக் கேட்டு வாங்குங்கள் என்றான். அவள் முழு உண்மையும் வேண்டாம் என்றுதான் வந்தாள்; தனக்கு வேண்டிய பாதி மட்டும் போதும் என்று. இருந்தாலும் அவன் சொன்னதை ஒளிக்காமல் சொன்னது பிடித்திருந்தது. வீட்டுக்கு ஓட்டிப் போகும்போது அவளுக்கு வந்த கோபம் மாஸ்டரில் இல்லை, அம்புறோஸில் இல்லை, நேர்ஸிலும் இல்லை. தன்னில்தான். உழைத்த கையின் மணத்துக்குக் கூசி, கூசி, கண்ணைக் கூச வைத்துக்கொண்ட மடைச்சி என்று தன்னைத்தானே உரத்து ஏசினாள்.

நாலாம் நாள் புதுக் கண்ணாடி வந்தது. பின்னேரங்களில் தனியாக நோயாளர் பார்க்கிற ஒரு பெண் டொக்டரிடம் போனாள். டொக்டர் தமிழ்ப் பிள்ளை. கூசுகிறது என்றதும் அந்தச் சொல்லையே அப்படியே எழுதினாள். பலகையை வாசிக்கச் சொல்லிவிட்டுப் பக்கத்திலிருந்து பிரகாசமான லைட் ஒன்றை அடித்தாள். பழைய கண்ணாடியோடு நாலு வரி அழிந்து போனது. புதியதோடு ஒரு வரிதான் போனது. அந்த ஒரு வரி உங்களுடைய கண்ணின் பங்கு என்றாள் டொக்டர். கடிதத்திலும் அப்படியே எழுதினாள்: பார்வை போதும், வாகனம் ஓட்டலாம், தாழ்ந்த சூரியனுக்கு நேரே ஓட்டுவதைத் தவிர்க்க வேண்டும், ஆறு மாதத்தில் திரும்பி வரவும்.

இதற்கிடையில் அம்புறோஸின் வானில் ஏழு பேருக்கும் ஒரு கிழமை போதும் என்றாகிவிட்டது. பதினாறு பேர் ஏறுகிற வானில் இருபத்திரண்டு பேர். சித்தி மரியம் இரண்டு ஆம்பிளைகளுக்கு நடுவில் இருக்க மாட்டேன் என்று ஒருநாள் லீவே போட்டுவிட்டாள். ஞாயிறு பின்னேரம் மாஸ்டர் போன் எடுத்தார். அன்ரோனெற் கடிதத்தை வரி விடாமல் வாசித்துக் காட்டினாள். கடைசி வரியில் அவர் பிடித்துக்கொண்டார். தாழ்ந்த சூரியன் என்றால் அது நம்முடைய பாலந்தானே என்றார். ஓம் என்றாள். இந்த மாதமும் அடுத்த மாதமும் இருபது நிமிடம் முந்திப் புறப்பட்டால் வெயில் வர முதல் பாலம் கடந்துவிடலாம் என்றாள். அது முடியாது, பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், எல்லோரையும் கேட்டுவிட்டேன் என்றார். வழமையான நேரம்தான், நாளைக்கு வருகிறோம், இன்னொருதரம் ஏதாவது நடந்தால் பிறகு கதை இல்லை என்று மெத்தென்று முடித்தார். இவள் சரி என்றாள். எதற்குச் சரி என்றாள் என்று அவர் கேட்கவில்லை.

திங்கள் காலை ரவுணில் எல்லோரும் ஏறினார்கள். மாஸ்டர் முன்னால் இருந்து பெல்ட்டை மாட்டினார். அன்ரோனெற் வானை எடுக்காமல் பின்னால் திரும்பினாள். முந்தின நாள் பின்னேரம் அவள் கையைச் சவுக்காரத்தால் மட்டும்தான் கழுவியிருந்தாள்.

"ஒரு விஷயம் சொல்லிப்போட்டு எடுக்கிறன். நான் பின்னேரத்திலை மீன் கழட்டிறனான். என்ரை கையிலை மீன் வெடுக்கு இருக்கும், இனி எப்பவும் இருக்கும். உங்களுக்கு மணக்குமெண்டு ரெண்டு வருசமாக் கண்ணாடியைச் சாம்பல் போட்டுத் தேய்ச்சுத்தான் நான் அதைக் கெடுத்தனான். இனித் தேய்க்க மாட்டன். மணந்தா யன்னலைத் திறவுங்கோ."

ஒருவரும் யன்னலைத் தொடவில்லை. மாஸ்டர் தன்னுடைய மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அந்தக் கறிப் பகிடி ஞாபகம் இருந்ததோ இல்லையோ, அன்ரோனெற்றுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அவளுக்கு ஆசையில்லை. சொல்லிவிட்டாள், அது போதும். கியரைப் போட்டாள்.

பாலத்தில் ஏறினார்கள். புதுக் கண்ணாடியில் வீதி வீதியாக இருந்தது. வெள்ளைக் கோடு கோடாக இருந்தது. தண்ணீரில் வலை வீசிக்கொண்டிருந்த ஆளின் இடுப்புத் துண்டில் முடிச்சு இருந்த பக்கம்கூடத் தெரிந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. நாலு கார் நீளம் போயிருப்பாள். வீதி கொஞ்சம் வளைந்ததும் சூரியன் நேர் முன்னுக்கு வந்தது. முன்பைப்போல வெள்ளைச் சீலை இல்லை. ஆனால் சூரியனைச் சுற்றி ஒரு மங்கல் வட்டம் இருந்தது, அந்த வட்டத்துக்குள் வீதியில் ஒரு துண்டு இல்லை. கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள். வட்டம் போகவில்லை. இது டொக்டர் சொன்ன அந்த ஒரு வரி, இது என்னுடையது என்று நினைத்தாள். ஒளித்து ஓடலாம். நாலு வருடம் ஓடிய வீதி, கண்ணை மூடிக்கொண்டும் ஓடலாம், எல்லோரும் அப்படித்தான் ஓடுகிறார்கள். சிக்னல் போட்டாள். ஓரத்தில் அகலமாக இருந்த இடத்தில் வானை ஒதுக்கி, எஞ்சினை நிறுத்தினாள்.

ஏன் என்று மாஸ்டர் கேட்டார்.

"சூரியன் ஒரு முழம் ஏறட்டும். பத்து நிமிசம்."

பள்ளிக்கூடத்தில் ஏழரைக்கு வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு கீறிவிடுவார்கள், கோட்டுக்குக் கீழே கையெழுத்து விழுந்தால் அரைநாள் லீவு என்று மாஸ்டர் அவளுக்குத் தெரியாததைச் சொல்வதுபோலச் சொன்னார். இப்போது அவருடைய குரல் மெத்தென்று இல்லை. கீறட்டும் என்றாள் அவள். பத்து நிமிடத்தில் வெயில்மறைப்புத் தட்டுக்கு மேலே சூரியன் போய்விடும், அதற்குப் பிறகு ஓடினாலும் அநேகமாகக் கோட்டுக்கு மேலேதான் கையெழுத்து, விழாவிட்டால் விழாது. இந்த இடத்தில் இந்த நேரத்தில் தனக்கு வீதியில் ஒரு துண்டு தெரியவில்லை. தெரியாமல் ஓட மாட்டாள். இறங்கவும் மாட்டாள்.

"இப்ப நானே சொல்லுறன், தெரியேல்லை. அதாலை நிக்கிறன். தெரியிற நேரம் ஓடுவன்."

பின்னால் யாரோ மணிக்கூட்டைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். சித்தி மரியம் தன்னுடைய பையிலிருந்து கொப்பிக் கட்டொன்றை எடுத்து மடியில் வைத்துத் திருத்தத் தொடங்கினாள். அவளுடைய சிவப்புப் பேனையின் சத்தம் மட்டும் கேட்டது. இரண்டு பஸ்ஸும் ஒரு லொறியும் அவர்களைக் கடந்து போயின. மாஸ்டர் பெல்ட்டைக் கழற்றினார். தான் அம்புறோஸோடு போவதாகவும், விரும்புகிறவர்கள் வரலாம் என்றும் சொன்னார். ஒருவரும் எழும்பவில்லை, ஒருவரும் அவரைத் தடுக்கவுமில்லை. அவர் இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு, வானுக்கு முன்னால் இருபது அடி நடந்துபோய், வீதி ஓரத்தில் ரவுண் பக்கம் பார்த்துத் திரும்பி நின்றார். சூரியன் அவருக்குப் பின்னால் இருந்தது. அன்ரோனெற்றுக்கு அவர் அந்த மங்கல் வட்டத்தின் விளிம்பில் ஒரு கறுத்த நூல்போலத் தெரிந்தார். கொஞ்சம் தலையைச் சரித்தால் இல்லாமல் போனார்.

அம்புறோஸின் வான் வழமையான வேகத்தில் வந்தது. மாஸ்டர் கையைத் தூக்கினார். அது குறையவில்லை. அன்ரோனெற் தன்னுடைய பக்க யன்னலால் அவனைப் பார்த்தாள்: ஒரு கையில் ஸ்டியறிங், மற்றக் கையை விரித்து நெற்றியில் வைத்து, கண்ணைச் சுருக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு, வெயிலுக்குள் முகத்தை நீட்டியபடி அம்புறோஸ் போனான். அவள் நினைக்க முன்பே கை ஹோர்னுக்குப் போய்விட்டது. நீளமாக அடித்தாள். மாஸ்டர் ஒரு எட்டுப் பின்னுக்கு வைத்தார். பதினைந்து பேரோடு வான் அவரைத் தடவிக்கொண்டு கடந்தது. காற்றில் அவருடைய வெள்ளைச் சேட்டு ஒரு பக்கமாக முழுக்கத் திரும்பி, பிறகு அடங்கியது. அம்புறோஸ் பிரேக் போடவே இல்லை. அங்கே ஒரு ஆள் நின்றது அவனுக்குத் தெரியாது.

மாஸ்டரின் கை இன்னும் மேலேதான் இருந்தது. அதை இறக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அவருடைய நிழல் வீதியில் நீண்டு வந்து வானின் முன்சில்லில் முடிந்தது. அன்ரோனெற் எட்டி, அவருடைய பக்கத்துக் கதவை உள்ளேயிருந்து திறந்துவிட்டாள். கடல்காற்றில் கதவு ஆடிக்கொண்டு நின்றது. வெறும் ஆசனத்தில் வெயில் விழுந்திருந்தது.